உஷார்! அந்த 24 சொற்களுக்கான பதில் யார் கைக்குப் போகிறது?

விடிகாலைப் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளையின் கைபேசியில் ஒரு படிவம் வந்து விழுகிறது. இந்த நிமிடம் எப்படி இருக்கிறாய்? கோபமா, பதற்றமா, சோர்வா, குழப்பமா, மனம் துவண்டிருக்கிறதா, தெம்பாக இருக்கிறதா? ஒவ்வொரு சொல்லுக்கும் 0 முதல் 4 வரை ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். எம்ஆர்டி வருவதற்குள் முடிந்துவிடும். தட்டிய எண்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பெற்றோர்களே, விளையாட்டு வீரர்களே, கேளுங்கள்!

இந்தப் படிவத்தின் மூதாதை 1971-ல் அமெரிக்காவில் வெளியான ‘போம்ஸ்’. மொத்தம் 65 சொற்கள். அது விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. மனநல மருத்துவமனைக்கு வந்துபோகும் வெளிநோயாளிகளை மனத்தில் வைத்து உருவானது. வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் அதை விளையாட்டு வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். சிறந்த வீரர்களுக்குத் தெம்பு மட்டும் சராசரிக்கு மேலே நின்றது. பதற்றம், சோர்வு, கோபம் எல்லாம் கீழே கிடந்தன. வரைபடம் கடலில் மிதக்கும் பனிமலை போலத் தெரிந்ததால் ‘பனிமலை வடிவம்’ என்று பெயர் வந்தது. 1980-ல் அவர் அதைப் பற்றி எழுதியதிலிருந்து உலகெங்கும் பயிற்றுநர்கள் அந்த வடிவத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

பிறகு பீட்டர் டெரியும் கூட்டாளிகளும் 24 சொற்களில் சுருக்கியதுதான் ‘பிரம்ஸ்’. முதலில் அது பதின்ம வயதினருக்காகவே செய்யப்பட்டது. சிங்கப்பூரர்களிடம் அந்த ஆங்கிலப் படிவம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து 2020-ல் ஓர் ஆய்வும் வெளியானது. வேலை செய்கிறது என்றே முடிவு வந்தது. அந்த முடிவு அந்தப் படிவத்துக்கு மட்டும்தான். கைபேசியில் யாரோ தட்டச்சு செய்த பத்துக் கேள்விகளுக்கோ, இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ்ப் பதிப்புக்கோ அந்தச் சான்றிதழ் ஒட்டாது.

படிவமே பொய் என்று நான் சொல்லவில்லை. மார்கன் பத்து ஆண்டுகள் நீச்சல் வீரர்களைக் கவனித்தார். பயிற்சிச் சுமை ஏற ஏற மனநிலை கெட்டது. சுமையைக் குறைத்ததும் மீண்டது. 56 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016-ல் சொன்னது இன்னும் வலுவானது: பயிற்சிச் சுமையின் தாக்கத்தைக் காட்டுவதில் இரத்தப் பரிசோதனையையும் இதயத் துடிப்பையும்விட, வீரரே தன்னைப் பற்றிச் சொல்வது நம்பகமானது. ஆக, சுமையைக் கவனிக்க இது அருமையான கருவி. ஆளைத் தேர்ந்தெடுக்க அல்ல.

ஆபத்து அங்கேதான். பனிமலை வடிவம் வென்றவரையும் தோற்றவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று 1995-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வெற்றி தோல்வியில் உள்ள வேறுபாட்டில் 1 விழுக்காட்டைக்கூட அதனால் விளக்க முடியவில்லை. அந்தக் கணக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் “இவனுக்கு மனவலிமை போதாது, படிவத்திலேயே தெரிகிறது” என்று எவராவது சொன்னால், அந்த ஆளிடம் உங்கள் பிள்ளையின் படிவத்தைக் கொடுக்காதீர்கள்.

விளையாட்டு உலகம் எண்ணை நம்பிப் பழகியது.  சிங்கப்பூரின் ஓட்ட நாயகன் சி. குணாளனைப் பாருங்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் அவருக்கு வெள்ளி, மலேசியாவின் எம். ஜெகதீசனுக்குத் தங்கம். இரண்டு தமிழர்களையும் பிரித்தது எல்லைக்கோட்டுப் புகைப்படம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 விநாடி, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது, 2001-ல் யு.கே. ஷியாம் 10.37-ல் அதை முறியடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடி! ஓட்டத்துக்கு அப்படியொரு கேமரா உண்டு. மனத்துக்கு ஏது? ‘பதற்றம் 3’ என்பதும் ஓர் எண்தான், ஆனால் அதைத் தட்டியவர் விரும்பினால் 0 என்றும் தட்டியிருக்கலாம்.

தட்டவும் செய்வார்கள். பந்தியில் பரிமாறுபவரே எதிரே நின்று “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் யார் உப்பு அதிகம் என்பார்கள்? சனிக்கிழமை அணியில் யார் இறங்குவது என்று முடிவுசெய்யும் கோச்சே படிவத்தையும் படிக்கிறார் என்றால், தூக்கம் நன்றாக, கோபம் இல்லை, தெம்பு 4 என்றுதான் பதில் வரும். விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளிக்கு நேரடிச் சேர்க்கை தேடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் உண்மை வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. உண்மையைச் சொன்ன பிள்ளை வெளியே, பொய் சொன்ன பிள்ளை உள்ளே என்று ஆனால், அடுத்த பருவத்தில் எல்லோரும் பொய் சொல்வார்கள்.

சிங்கப்பூர் ஓட்டக்காரர் சாந்தி பெரேராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் சொந்த மண்ணில் தென்கிழக்காசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். அதன்பின் நீண்ட சரிவு. அந்த ஆண்டுகளில் மனத்தளவில் பட்ட பாட்டைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் மறுபடி 200 மீட்டர் தங்கம், 23.03 விநாடி. இடையில் ஒரு மோசமான காலையில் நிரப்பிய படிவத்தை வைத்து எவராவது அவரை முடித்துக் கட்டியிருந்தால்?

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது. மனநிலைப் படிவம் என்ற பெயரில் சில இடங்களில் ‘பிஎச்கியூ-9’ போன்ற மனச்சோர்வுப் பரிசோதனைத் தாளும் கலந்து வரலாம். அதன் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ எண்ணம் வருகிறதா என்பது. அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் மனநலப் பரிசோதனைத் தொகுப்பிலும் அந்தத் தாள் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பைக் கையாள வேண்டியவர்கள் விளையாட்டு மருத்துவர்களும் உரிமம் பெற்ற பிற சுகாதார நிபுணர்களும்தான். இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை அந்தக் கேள்விக்குப் ‘பல நாட்கள்’ என்று தட்டினால், அன்றிரவே யார் படிப்பார்கள்? வார இறுதியில் எக்செல் தாளைத் திறக்கும் தொண்டூழிய கோச்சா? படிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு.

சட்டத்திலும் ஒரு நெளிவு உண்டு. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு தனியார் மன்றமோ பயிற்சி நிலையமோ வைத்திருக்கும் உங்கள் தகவலைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அரசாங்க அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள். எனவே படிவம் யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை படிவம் வந்தால் நேராகக் கேளுங்கள். இதன் பெயர் என்ன, யார் படிப்பார்கள், அணித் தேர்வுக் குழுவுக்குப் போகுமா, பதில் மோசமாக இருந்தால் என்னை யார் அழைப்பார்கள்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல பயிற்றுநர் எழுத்திலேயே பதில் தருவார். மழுப்பினால் நிரப்பாதீர்கள்.

படிவத்தில் சொல்ல முடியாதது மனத்தில் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ், 1771 என்ற எண்ணில் தேசிய மனநல உதவிச் சேவை. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.