அண்ணாவியாரும் நெறியாளரும்

சென்ற தவணைப் பரீட்சையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பாட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுதியிருந்த வரியொன்று என் பேனாவைத் தடுத்து நிறுத்தியது. “அண்ணாவியார் எனப்படுபவர் கூத்தின் நெறியாளர் ஆவார்” என்பதே அவ்வரி. புள்ளித்திட்டத்தின்படி அது சரியான விடை, புள்ளியும் வழங்கினேன். ஆயினும், அவ்விடை உண்மையாகுமா என்னும் ஐயம் அன்றுதொட்டு என்னை விட்டகலவில்லை. எழுதிய பிள்ளை முல்லைத்தீவு மாவட்டத்திற் பிறந்து வளர்ந்தவள். அண்ணாவியார் ஒருவரையேனும் கண்ணாற் கண்டவளல்லள்.

நெறியாளர் எனப்படுபவர் யார்? நாடகப் பிரதி ஒன்றைத் தெரிந்து, அதனுள் தாம் காணும் பொருளுக்கேற்ப நடிகர், மேடை, ஒளி, ஒலி ஆகியவற்றை ஒருங்கிணைத்து, திரை விலகும் வேளையிற் பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாது ஒதுங்கிக்கொள்பவர். அண்ணாவியாரோ ஒதுங்குபவரல்லர். மத்தளத்தோடு களரியில் நின்று, இரவு முழுவதும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் காலையும் தம் விரல்களால் நடத்துபவர் அவர். ஆட்டக்காரன் தாளம் பிசகினால் அவனைத் தூக்கி நிறுத்துவதும், பாட்டை மறந்தால் எடுத்துக்கொடுப்பதும், களைத்தவனுக்காக ஆட்டத்தைச் சுருக்குவதும் அவரே. நெறியாளரின் பணி அரங்கேற்றத்துக்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அண்ணாவியாரின் பணியோ விடியும்வரை முடிவதில்லை.

மட்டக்களப்புப் பகுதியிற் கூத்துப் பழக்கும் முறையை நோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஊர்ப் பெரியோர் கூடிக் கதையைத் தீர்மானித்தபின், இன்னார்க்கு இன்ன வேடம் என வகுத்துப் பாட்டுகளை வழங்குவர். இதனைச் ‘சட்டங் கொடுத்தல்’ என்பர். அதன்பின் மாதக்கணக்கிற் பழக்கம் நடைபெறும். ஓரளவு தேறியதும் சதங்கை அணிவிப்பர், பின்னர் அடுக்குப் பார்ப்பர், இறுதியில் அரங்கேற்றம். இவற்றுள் மிகக் கடினமானது சட்டங் கொடுத்தலே என்பது என் கருத்து. குரலும் தோற்றமும் பார்த்து வேடம் வகுத்தால் மட்டும் போதாது. இராச வேடம் எந்தக் குடும்பத்துக்குப் போகின்றது என்பதில் ஊரின் மானம் தங்கியிருந்த காலமது. அம்மனத்தாங்கல்களைத் தீர்த்து, பகைத்து நின்ற இருவரை ஒரே களரியில் அண்ணனுந் தம்பியுமாக ஆடவைப்பதும் அண்ணாவியாரின் கல்வியைச் சேர்ந்ததே. எந்தப் பாடநூலிலும் இவ்வதிகாரத்தை நான் கண்டதில்லை.

மட்டக்களப்பிற்கு வடமோடி, தென்மோடி எனவும், மன்னாருக்கு வடபாங்கு, தென்பாங்கு எனவும் மரபுகள் உள்ளமைபோல, நம் பிரதேசத்திற்கு முல்லைமோடி உண்டு. இங்கு தலையாயது கோவலன் கூத்து. அது வெறும் பொழுதுபோக்காக எழுந்ததன்று. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிச்சென்ற பத்தாவது இடமே பத்தாப்பளையாகி வற்றாப்பளை ஆயிற்று என்பது நம் முன்னோர் நம்பிக்கை. அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கேற்றும் மக்களுக்குக் கோவலன் கதை, கேட்டுவிட்டுப் போகும் கதையாக இருக்க முடியாது. ஆகவே அதனைப் பழக்கிய அண்ணாவியார் ஒருவகையிற் கோயிற் காரியம் செய்தவராகவும் மதிக்கப்பட்டார்.

நெறியாளர் என்னும் பணி ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தனித் தொழிலாக உருப்பெற்றது. அப்பணியின் ஆற்றலை அறியப் பெரிய நாடுகளை நோக்குவதிலும், நம்மைப்போற் சிறிய மக்கட்டொகையுடைய மொழியினரை நோக்குவதே பயன் தரும். பின்லாந்து அத்தகையது. அங்கே கற்றோர் மொழியாகவும் அரங்கின் மொழியாகவும் சுவீடிய மொழியே வழங்கிவந்தது. 1869 ஆம் ஆண்டில் அலெக்சிஸ் கிவி எழுதிய ‘லேயா’ என்னும் பின்னிய மொழி நாடகத்தைக் கார்லோ பெர்க்பொம் ஹெல்சிங்கியில் மேடையேற்றினார். தலைமைப் பாத்திரமேற்ற சார்லொட்டா றா என்னும் நடிகைக்குப் பின்னிய மொழி தெரியாது! உரையாடலை மனனஞ் செய்தே அவர் நடித்தார். அந்நாட்டுத் தாய்மொழி அரங்கின் பிறப்பு அன்றே நிகழ்ந்தது என்பர். 1872 இல் பெர்க்பொம் பின்னிய நாடகக் குழுவை நிறுவினார். அவர் தமக்கையார் எமிலி அதன் நிருவாகத்தைத் தாங்கினார். ஊரூராகச் சென்று நடித்த அக்குழுவிலிருந்து இடா ஆல்பெர்க் என்னும் பெருநடிகை தோன்றினார். 1880 இல் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோறாவாக நடித்துப் புகழ்பெற்றார். தனக்கெனக் கட்டடம் ஒன்றை அக்குழு ஹெல்சிங்கியில் பெற்றது 1902 இலேயாகும்.

பெர்க்பொம் நடிகரையும் மேடையையும் புதிதாகவே ஆக்கவேண்டியிருந்தது. நம் நாட்டு நெறியாளரின் நிலை வேறு. அவர் கண்ணெதிரே அண்ணாவியார் இருந்தார். கேள்வி யாதெனில், அவரை நெறியாளர் கண்டாரா என்பதே.

தொடக்கத்திற் காணவில்லை. கலையரசு க. சொர்ணலிங்கம் பம்மல் சம்பந்த முதலியாரை ஆசானாகக் கொண்டு, 1913 இல் தொடங்கப்பெற்ற இலங்கை சுபோத விலாச சபை வழியாகக் கற்றோர் மதிக்கும் நாடக மேடையை இங்கு உருவாக்கினார். அவருடைய தொண்டு பெரிது. அவரது அரங்கோ கூத்துக் களரியினின்றும் வேறானது. இசைநாடகத்திற் புகழ்பூத்த நடிகமணி வி. வி. வைரமுத்து ‘மயான காண்டம்’ நாடகத்தில் அரிச்சந்திரனாக ஊரூராய் நின்றார். அங்கே நடிகரே குழுவுக்குத் தலைவர், அவர் குரலே நெறி.

திருப்பம் பேராதனையில் நிகழ்ந்தது. 1956 இல் எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றிச் சிங்கள அரங்கைத் தலைநிமிரச் செய்தார். அந்நாடகம் ‘நாடகம’ மரபினின்றும் எழுந்தது. அம்மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. நம் பொருள் பிறர் கையில் ஒளிர்வதைப் பார்த்தபின்னரே நாம் நம் வீட்டுப் பெட்டியைத் திறந்தோம் என்பதைச் சிறிது நாணத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் ‘கர்ணன் போர்’ வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு தயாரித்தார். ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. இராவணேசனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்திற் பேராசிரியராகவும் நெறியாளராகவும் விளங்கினார்.

வித்தியானந்தன் செய்த மாற்றங்கள் பல. விடியவிடிய ஆடப்பட்டதை மணிக்கணக்கிற் சுருக்கினார். நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியை ஒருபுறம் நோக்கும் மேடைக்குக் கொணர்ந்தார். பாடும் சொல் தெளிவாகக் கேட்கவும், பாத்திரத்தின் உணர்ச்சி முகத்திற் படியவும் வேண்டுமென வற்புறுத்தினார். இவையனைத்தும் நெறியாளருக்குரிய தீர்மானங்கள். ஆனால் மாணவருக்கு ஆட்டம் பழக்குவதற்கு அவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்தார். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் கிராமத்து ஆசான் ஒருவரைப் பல்கலைக்கழக மண்டபத்தில் மத்தளத்தோடு நிறுத்தினார் என்பதே, என்னளவில், அவர் செய்த யாவற்றுள்ளும் பெரிய செயல். எதை வெட்டுவது என்பதை ஒருவர் அறிந்திருந்தார். வெட்டியபின்னும் உயிர் நிற்பதற்கு எது வேண்டும் என்பதை மற்றவர் அறிந்திருந்தார்.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். சுருக்கம் நன்மையே எனச் சிலர் எளிதாகக் கூறுவர். முழுவிரவுக் கூத்தில் ஒரே பாட்டு மீளமீள வருவது அலுப்பன்று. பார்ப்பவன் ஒருகால் உறங்கி விழித்தாலும் கதை அவனைக் கைவிடாதிருக்கும் ஏற்பாடு அது.

பின்வந்த நெறியாளர் பலர். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் நெறியாளர் தலைமுறை ஒன்றையே வளர்த்தார். அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985 இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறியது. திரைப்படத்திலோ நெறியாளரின் ஆட்சி இன்னும் முழுமையானது. காவலூர் இராசதுரையின் கதைக்குச் சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜா உருக்கொடுத்த ‘பொன்மணி’ (1977) யாழ்ப்பாண வாழ்வை அதன் அமைதியோடு காட்டிற்று. அன்று அதனைப் பார்த்தவர் சிலர். இன்று போற்றுவோர் பலர்.

வன்னிக்கு மீள்வோம். முல்லைமணி வே. சுப்பிரமணியம் ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை எழுதி இம்மண்ணின் வரலாற்றை மேடைக்குரியதாக்கினார். ஆனால் கூத்தின் வாழ்வு எழுத்தில் மட்டும் இல்லை. 2009 இல் போர் முடிந்தபோது வன்னி மக்கள் வவுனியாவின் முகாம்களில் இருந்தனர். எங்கள் ஊரில் தலைமுறைகளாகப் பேணப்பட்ட கூத்துக் கொப்பியும் மத்தளமும் அவ்விடப்பெயர்வில் வழியிலே போயின. மீள்குடியேறியபின் பாடசாலைகளிற் கூத்து மீண்டும் தோன்றியது; போட்டிக்காகத் தோன்றியது. நிமிடக் கணக்கில் வெட்டப்பட்ட கதை, ஒலிப்பதிவில் வந்த மத்தளம், மேடைக்கு அப்பால் நின்று கையசைக்கும் ஆசிரியர். நானும் அவ்வாசிரியருள் ஒருவனாக இருந்தேன். பரிசும் பெற்றோம். ஒலிப்பதிவு ஓடும்போது பிள்ளையின் கால் பிசகினால் மத்தளம் அவளுக்காகக் காத்திராது என்பதை அன்று நான் எண்ணவில்லை.

அவ்விடைத்தாளைத் திருத்திய மறுவாரம், எங்கள் ஊரில் முன்னர் கூத்துப் பழக்கிய முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். எண்பதைக் கடந்தவர், திண்ணையில் இருந்தார். பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டும் எனக் கேட்டேன். கொப்பி இல்லையே என்று தயங்கினேன். அவர் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, “கொப்பி கிடக்கட்டும் மாஸ்ரர், பிள்ளையளை எத்தினை மாசத்துக்கு விடுவியள்?” என்றார்.

நான் ஆறு மாதம் கேட்டு அதிபருக்கு எழுதியுள்ளேன்.