சுகப்பிரசவம் என்னும் சொல்லும் உடலின் கணக்கும்

குழந்தை பிறந்த செய்தி எட்டியவுடன் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது, சுகப்பிரசவமா அறுவைச் சிகிச்சையா என்பது. இரண்டாவதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே தாய் பட்ட பாட்டைச் சுற்றத்தார் அளந்துவிடுகின்றனர். இயல்பாகப் பிறந்தால் 'சுகம்'. சிசேரியன் என்றால் 'வலியின்றிப் பெற்றுக்கொண்டாள்'. தாயின் உடல் வைத்திருக்கும் கணக்கோ வேறு.

இது ஒரு சிலருக்கான செய்தியன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் நிகழும் பிரசவங்களில் 21.5 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்கின்றன. முந்தைய 2015-16 ஆய்வில் இது 17.2 விழுக்காடாக இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழப் பாதிப் பிரசவங்கள் இவ்வகையினவே.

நெருக்கடியை உடல் எதிர்கொள்ளும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் வெளியிடுகின்றன. அட்ரினலின் இதயத் துடிப்பை விரைவாக்கும். கார்ட்டிசோல் சேமிப்பில் உள்ள ஆற்றலை எடுத்துச் செலவுக்குத் தரும். கருவுற்ற காலத்தின் இறுதியிலேயே கார்ட்டிசோல் வழக்கத்தைவிட மிகுந்திருக்கும்.

இயல்பான பிரசவத்தின்போது அது மேலும் உயர்கிறது. பல மணி நேர வலியும் உழைப்பும் அதற்குக் காரணம். திட்டமிட்ட சிசேரியனில் குழந்தை பிறக்கும் நேரத்தில் உள்ள அளவைவிட இது பொதுவாக அதிகம். எனவே 'சுகப்பிரசவம்' என்பது உடலுக்குச் சுகமான வேலையன்று. எனினும் இவ்வுயர்வு தீங்கின் அடையாளமும் அன்று. கடும் உழைப்புக்கு உடல் ஒதுக்கும் முதலீடு அது. உடன் சுரக்கும் ஆக்ஸிடோசினும் எண்டார்பினும் தாய்க்குத் துணை நிற்கின்றன.

திட்டமிட்ட சிசேரியனில் பிரசவ வலி இல்லை. முதுகில் செலுத்தப்படும் மயக்க மருந்து, காயத்தின் செய்தி மூளைக்குச் செல்லாமல் தடுக்கிறது. ஆதலால் அந்நேரத்தில் உடலின் எதிர்வினை தணிந்திருக்கும். ஆனால் மருந்தின் வேகம் குறைந்தபின் வலி தொடங்கும். வயிற்றுக் காயம் ஆறச் சில வாரங்கள் ஆகும். செலவு தள்ளிவைக்கப்பட்டதேயன்றித் தள்ளுபடி ஆகவில்லை.

நீண்ட நேரம் பிரசவ வலி கண்டபின் அவசரமாக அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் தாய்க்கு இரு சுமைகளும் சேர்ந்தே வருகின்றன. உழைப்பின் களைப்போடு அறுவையின் காயமும், எதிர்பாராத திருப்பம் தரும் அச்சமும் கூடுகின்றன. இத்தகைய தாய்மாருக்குத் தாய்ப்பால் சுரப்பு சற்றுத் தாமதமாவதும் உண்டு. அதை அவர்தம் குறையாகப் பேசுவது அறியாமை.

இச்சுமையைக் குறைக்க வழியுண்டு. தக்க வலிநிவாரணம் ஒன்று. நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருப்பது மற்றொன்று. அச்சத்தால் அட்ரினலின் மிகும்போது கருப்பையின் சுருக்கங்கள் தளரக்கூடும் என்பது மருத்துவர் கருத்து. 26 ஆய்வுகளில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான காக்ரேன் ஆய்வு, தொடர்ந்து துணை பெற்ற பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைந்ததையும், சிசேரியன் தேவை குறைந்ததையும் காட்டியது. நடுவண் அரசு அதே ஆண்டில் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் பிரசவ அறையில் துணை இருப்பதை ஊக்குவிக்கிறது.

பிரசவ முறையைப் பல வேளைகளில் தாயோ குடும்பமோ தேர்ந்தெடுப்பதில்லை. தாய் சேய் இருவரின் நிலையே அதனை முடிவு செய்கிறது. ஆகவே இரண்டு வழிக்கும் ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமை. மகப்பேற்றுக்கெனச் சேமிக்கும்போது அறுவைச் சிகிச்சைக்கான தொகையையும் கணக்கில் கொள்க. மருத்துவக் காப்பீட்டில் மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உள்ளதா என முன்பே கேட்டறிக. அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவம் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்பதையும் நினைவிற்கொள்க. 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, தகுதியுடைய பெண் ஊழியர் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் வரை ஊதியத்துடன் விடுப்புப் பெறலாம். அது உடல் தன் இழப்பை ஈடுசெய்யும் காலம். வீட்டு வேலைகளை முடிப்பதற்கான காலமன்று.

அடுத்த முறை நற்செய்தி வரும்போது, எவ்வழிப் பிறந்தது என்பதைப் பின்னர்க் கேட்கலாம். தாய் உறங்கினாளா, உண்டாளா, உடன் யார் இருக்கிறார் என்பதை முதலில் கேட்போம்.