எல்லைக் கிராமங்களில் தொலை மருத்துவமும் ஆண்டுப் பரிசோதனையும்

1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. இன்று பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. இடையில் ஒரு மாநில எல்லை. தென்னை, வாழை, மரவள்ளி, ரப்பர் எல்லாம் இருபுறமும் ஒன்றே. உறவும் சந்தையும் கூட எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மருத்துவப் பதிவேடும், காப்பீட்டு அட்டையும், மருத்துவரின் மொழியும் எல்லையில் மாறிவிடுகின்றன. இக்கிராமங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலை மருத்துவம் எவ்வாறு பயன்படும், அதற்கு அவை எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

முன்னோடியான ஒரு மண்

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, வருமுன் காப்பதே மேல் என்னும் கருத்து இப்பகுதிக்குப் புதியதன்று. 1930களில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஒத்துழைப்புடன் திருவிதாங்கூர் அரசு நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதாரப் பிரிவை நடத்தியது. கொக்கிப்புழு போன்ற நோய்களே அன்று மக்களின் உடல்வலிவைக் குலைத்தன. கழிப்பிடம், தூய குடிநீர், அம்மை குத்துதல், தாய்சேய் நலம் ஆகியவை அக்காலப் பொதுச் சுகாதாரப் பணியின் அடிப்படைகளாக இருந்தன.

இன்றைய எதிரி வேறு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் புழுவைப் போல் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகள் வலியும் தருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு என மதிப்பிட்டது. கேரளத்தில் இவ்விகிதம் ஏறத்தாழ 25 சதவீதம். நால்வரில் ஒருவர் என்னும் நிலையில், ஆண்டுக்கொருமுறை பரிசோதனை என்பது வசதி படைத்தோரின் பழக்கமாக மட்டும் இருந்துவிட இயலாது.

தொலை மருத்துவத்தின் வளர்ச்சி

கொரோனாத் தொற்று பரவிய 2020 மார்ச் 25 அன்று தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை தொடங்கியது. மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2023 பிப்ரவரிக்குள் இச்சேவை வழியாக 10 கோடி ஆலோசனைகள் நிகழ்ந்தன. சிற்றூர் நலவாழ்வு மையத்தில் அமர்ந்தபடியே, செவிலியரின் உதவியுடன் தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேசும் முறையும் இதன் மற்றொரு கிளையாகும். கைப்பேசியைக் கையாளத் தெரியாத முதியோருக்கு இம்முறையே பொருந்தும்.

வழிகாட்டு நெறிகளில் எல்லைவாசிகள் அறிய வேண்டிய கூறுகள் சில உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் ஆலோசனை வழங்கலாம். ஆகவே மாநில எல்லை தடையாகாது. நோயாளி தாமே அழைத்தால் அதுவே அவரது இசைவாகக் கொள்ளப்படும். சில மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமாயின் நோயாளியைக் காணொளியில் நேராகக் காண்பது கட்டாயம். போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதுதல் கூடாது. நேரில் காண்பதே தக்கது என மருத்துவர் கருதினால், அவ்வாறு அறிவுறுத்துவதும் அவரது கடமையே. அதனை மறுப்பாக எண்ணுதல் தவறு.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

இப்பகுதிக்கே உரிய இடர் மொழியில் உள்ளது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து மணமுடித்து வந்த பெண், 'பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்று குளிர்ந்த காற்றைக் குறித்துச் சொன்னால், மலையாள மருத்துவர் அதனைக் காய்ச்சலாகக் கொள்ளக்கூடும். 'சும' என்பது இருமல். தமிழ்க் காதிலோ அது சுமை போல் ஒலிக்கும். 'தலகறக்கம்' தலைசுற்றலையும், 'சர்தி' வாந்தியையும், 'வயறிளக்கம்' வயிற்றுப்போக்கையும் குறிக்கும். நேரில் என்றால் முகமும் கையும் பொருளை விளக்கிவிடும். சில நிமிட உரையாடலில், விட்டுவிட்டு ஒலிக்கும் குரலில், அந்த உதவி கிட்டாது. எனவே இருமொழியும் அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது பயன் தரும். வலிக்கும் இடத்தைக் கையால் சுட்டிக்காட்டுவதும் அவ்வாறே.

தொழிலைச் சொல்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. வயற்சேற்றிலோ ஓடையிலோ வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும்; கேரளத்தில் இதனை எலிப்பனி என்பர். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரும். 'இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்று மட்டும் சொல்லி, சேற்றில் நின்றதைச் சொல்லாமல் விட்டால், மருத்துவர் அதனை ஊகிக்க வழியில்லை.

ஆலோசனைக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வைத்தல் நலம். முதலாவது, தொல்லை எது, என்று தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பது. இரண்டாவது, உட்கொள்ளும் மருந்துகள். எல்லையின் இருபுறமும் மருத்துவம் பார்ப்பவர்கள் ஒரே மருந்தை இரு வேறு வணிகப் பெயர்களில் வாங்கி, இருமடங்காக உட்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே மாத்திரை அட்டைகளையே எடுத்து வைத்து, மருந்தின் பொதுப் பெயரை வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது, ஒவ்வாமை, கருவுற்ற நிலை, முந்தைய அறுவை சிகிச்சை ஆகியவை.

வீட்டில் இரத்த அழுத்தம் அளப்பவர்கள், அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து தேநீர், காப்பி, புகை ஆகியவற்றைத் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதம் தரையில் பதிந்தும், கை இதய மட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் நாளுடன் குறித்தல் நன்று. நல்ல வெளிச்சமும், கைப்பேசியில் போதிய மின்னூட்டமும், மற்றவர் செவிபடாத இடமும் தேவை. பெண்கள் தம் நோயைச் சொல்லத் தயங்குவதற்குக் கூட்டு வீட்டின் நடுக்கூடமே பல வேளைகளில் காரணமாகிறது.

ஆண்டுப் பரிசோதனை

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்படி 30 வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுதோறும், வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான சோதனைகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் செய்யப்பட வேண்டும். ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து வினாப்பட்டியலை நிரப்புவது இதன் முதற்படி. கேரளத்தில் 'சைலி' என்னும் செயலி வழியாகவும், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகவும் இப்பணி நடைபெற்று வந்துள்ளது. பகலில் எல்லை தாண்டி வேலைக்குச் செல்பவர் இரு கணக்கிலும் விடுபட்டுப் போகலாம். அத்தகையோர் பணியாளரின் வருகைக்குக் காத்திராமல் குடும்ப நல மையத்திற்குத் தாமே செல்வது முறை.

வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனைக்கு எட்டு மணி நேரம் உணவின்றி இருத்தல் வேண்டும், தண்ணீர் அருந்தலாம். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ அவ்வேளையில் எடுப்பதா, தள்ளிப் போடுவதா என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது. சோதனையில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் வந்தால் மறுசோதனை செய்து நீரிழிவு உறுதி செய்யப்படும். நீரிழிவு உள்ளோர் விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இவற்றைக் கைப்பேசி வழியாகச் செய்ய முடியாது. சோதனை நேரில் நிகழ்ந்தபின், முடிவை விளக்கவும் மருந்தைத் தொடரவும் தொலை ஆலோசனை உதவும். ஒன்று மற்றொன்றின் துணையே அன்றி மாற்று அன்று.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல், பாம்புக்கடி, நிற்காத குருதிப்போக்கு ஆகியவற்றில் கைப்பேசித் திரைமுன் வரிசையில் காத்திருத்தல் உயிருக்கு ஊறு. இரு மாநிலங்களிலும் 108 என்னும் எண்ணே அவசர ஊர்தியை அழைக்கிறது. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, மேற்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி என்னும் வரிசையை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மனச்சோர்வுற்றோருக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசிச் சேவை தமிழிலும் மலையாளத்திலும் பேசுகிறது.

நிர்வாகத்தின் பங்கு

மக்களின் ஆயத்தம் பாதி. நிர்வாகத்தின் ஆயத்தம் மறுபாதி. எல்லை ஊராட்சிகளின் நலவாழ்வு மையங்களில் அறிவிப்புகளும் வினாப்பட்டியல்களும் இருமொழியிலும் இருத்தல், தமிழறிந்த ஆஷா பணியாளர்களைத் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் அமர்த்துதல், 14 இலக்க ஆபா நலவாழ்வு எண்ணைப் பெற்றுத் தந்து பதிவேடு எல்லை கடக்க வகை செய்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத பணிகள். ஒரு காலத்தில் கொக்கிப்புழுவை எதிர்த்து வீடு வீடாக நடந்த சுகாதார ஊழியரின் உழைப்பை இன்றும் கருவிகள் மட்டும் ஈடு செய்துவிட முடியாது. நோயாளி தெளிவாகச் சொல்லவும், மருத்துவர் பிழையின்றிப் புரிந்துகொள்ளவும் வழி அமைந்தால்தான் திரையின் இருபுறமும் உள்ள முயற்சி பயன் தரும்.