குறைந்தபட்ச வருமானமும் சமூக விலக்கமும்: பிரான்சு நாட்டு அனுபவம்

வறுமை என்னும் சொல் பழமையானது. சமூக விலக்கம் என்னும் சொல்லோ அண்மைக் காலத்தது. பிரான்சு நாட்டில் இச்சொல் பொதுவழக்கிற்கு வந்தது 1974ஆம் ஆண்டில் ரெனே லெனுவார் என்னும் உயர் அதிகாரி 'விலக்கப்பட்டோர்' என்ற நூலை வெளியிட்ட பின்னரே எனலாம். பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த அக்காலத்திலும் பத்தில் ஒருவர் சமூகத்தின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறார் என்பது அவர் முன்வைத்த கணக்கு. பணமில்லாமை மட்டுமே அவர்களது குறை அன்று. முகவரியில்லை, மருத்துவக் காப்பில்லை, எந்த அலுவலகப் பதிவேட்டிலும் பெயரில்லை. இவ்விரண்டு இன்னல்களையும் ஒரே சட்டத்தால் எதிர்கொள்ள முனைந்த முயற்சியொன்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஏறத்தாழ நாற்பதாண்டுகளை எட்டும் அதன் வரலாறு, இத்தகைய திட்டங்கள் எதைச் சாதிக்க வல்லவை, எவ்விடத்தில் திசை மாறுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாடு எழுப்பிய சமூகப் பாதுகாப்பு, உழைப்போர் செலுத்தும் காப்புத் தொகையை அடித்தளமாகக் கொண்டது. வேலையில் இருப்பவருக்கு நோயுற்றாலும் முதுமையுற்றாலும் ஆதரவு உண்டு. வேலையே கிட்டாதவருக்கு? முதியோர்க்கு 1956லும், மாற்றுத்திறனாளிகளுக்கு 1975லும், தனித்துக் குழந்தை வளர்ப்போர்க்கு 1976லும் தனித்தனி உதவித்தொகைகள் வகுக்கப்பட்டன. உடல் நலமும் உழைக்கும் வயதும் இருந்தும் வேலையற்றிருப்பவர் மட்டும் எந்த வகையிலும் அடங்கவில்லை. அத்தகையோர் சிலரே என்று கருதப்பட்டவரை இந்த இடைவெளி எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 1980களில் நீண்டகால வேலையின்மை பரவியபோது நிலைமை மாறியது. 1985இல் நகைச்சுவைக் கலைஞர் கொலூஷ் தொடங்கிய இலவச உணவகங்களின் முன் வரிசைகள் நீண்டன. பெசான்சோன் நகரம் 1968லேயே தன் எல்லைக்குள் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை வழங்கத் தொடங்கியிருந்தது. வேறு சில ஊர்களும் அவ்வழி சென்றன.

இவ்விடத்தில் ஜோசப் விரெசின்ஸ்கி என்னும் கத்தோலிக்கப் பாதிரியாரைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. புலம்பெயர்ந்து வந்த ஏழைப் பெற்றோருக்கு 1917இல் பிறந்தவர் அவர். 1956இல் பாரிசு நகரின் புறத்தே நுவாசி-லெ-கிரான் குடிசை முகாமுக்கு வந்து சேர்ந்தார். சூப்பும் பழந்துணியும் பங்கிடும் வழக்கத்தை அங்கே நிறுத்தி, நூலகத்தையும் மழலையர் பள்ளியையும் திறந்தார். பசித்தவர்களிடையே நூலகமா என்று பலர் வியந்திருக்கக்கூடும். பிறர் கையிலிருந்து நாள்தோறும் பெற்றுக்கொண்டே வாழ்வது மனிதனின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்பது அவரது உறுதியான கருத்து. அவர் எழுதிய அறிக்கையைப் பொருளாதார சமூகப் பேரவை 1987 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. கடும் வறுமை என்பது பல பாதுகாப்புகள் ஒருங்கே இல்லாமற்போகும் நிலை என்றும், அது மனித உரிமைக்கே இழுக்கு என்றும் அவ்வறிக்கை விளக்கியது. 1988 பிப்ரவரியில் அவர் காலமானார். தம் அறிக்கையின் கனியை அவர் காணவில்லை.

அக்கனி 1988 டிசம்பர் 1ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம். பிரதமர் மிஷேல் ரொகாரின் அரசு கொண்டுவந்த அதற்கு 'சமூக இணைப்புக்கான குறைந்தபட்ச வருமானம்' என்று பெயர். மக்கள் அதனை ஆர்.எம்.ஐ. என்றே சுருக்கி அழைத்தனர். வலதும் இடதும் எதிலும் ஒத்துப்போகாத அந்நாட்டு மன்றத்தில் அது ஏறத்தாழ ஒருமனதாக நிறைவேறியது. தனி ஒருவருக்கு மாதம் 2,000 பிராங்கு; இணையருக்கு 3,000. வேறு வருமானம் இருப்பின் அதைக் கழித்து மீதி வழங்கப்படும். இச்செலவை முன்னிறுத்தியே பெருஞ்செல்வர் சொத்தின்மீது ஆண்டுதோறும் விதிக்கப்படும் ஒருமைப்பாட்டு வரி மீண்டும் கொண்டுவரப்பட்டது. செல்வரின் சொத்திலிருந்து எடுத்து வறியவர்க்கு அளித்தல் என்ற அமைப்பு நம் வாசகர்களுக்கு ஸகாத்தை நினைவூட்டும். ஆயினும் அவ்வரி 2018இல் அசையாச் சொத்துகளுக்கு மட்டுமான வரியாகச் சுருக்கப்பட்டுவிட்டதால், ஒப்புமையை அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

பெயரிலுள்ள 'இணைப்பு' என்ற சொல்லே சட்டத்தின் உயிர்நாடி. தொகை பெறுபவர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவார். தொழிற்பயிற்சி, மருத்துவம், வீடு தேடுதல், எழுத்தறிவு என அவரவர் தேவைக்கேற்ப அதில் எழுதப்படும். இவ்வொப்பந்தத்தில் கடமை யாருடையது? ஒரு சாரார், சமூகம்தான் இவரை வெளியே தள்ளியது, ஆகவே உள்ளே அழைக்கும் பொறுப்பும் அதற்கே என்றனர். மறுசாரார், பணம் பெறுபவர் பதிலுக்கு முயற்சியைத் தரவேண்டும் என்றனர். சட்டம் இருவர்க்கும் இடமளிக்கும் வகையில் சொற்களைத் தேர்ந்துகொண்டது. ஒருமனதான வாக்கெடுப்பின் இரகசியம் இதுவே என்பது நமது கருத்து. எனினும் சட்டத்தின் ஒரு விதியில் ஐயத்திற்கு இடமில்லை. தம் பகுதியில் வழங்கப்படும் உதவித்தொகையின் 20 விழுக்காட்டிற்கு ஈடான பணத்தை இணைப்புப் பணிகளுக்கென மாவட்ட நிர்வாகம் தனியே ஒதுக்கியாக வேண்டும். அதாவது சமூகத்தின் கடமைக்கு ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

திட்டத்தால் விளைந்த நன்மைகளைக் குறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. நிலையான உறைவிடம் இல்லாதவர் அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் முகவரியையே தம் முகவரியாகக் கொள்ளலாம் என்று சட்டம் அனுமதித்தது. சிறு ஏற்பாடாகத் தோன்றும் இது செய்த மாற்றம் பெரிது. முகவரி கிடைத்ததும் கடிதம் வந்து சேர்கிறது. கடிதம் வந்ததும் அலுவலகம் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. உதவித்தொகையோடு மருத்துவக் காப்பும் வீட்டு வாடகை உதவியும் இணைந்து வந்தன. மருத்துவக் காப்பின் எல்லை 2000ஆம் ஆண்டு முதல் நாட்டில் நிலையாக வாழும் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வறுமையின் ஆழமும் தணிந்தது. வறியோர் எண்ணிக்கையைக் குறைத்ததைக் காட்டிலும், வறியோர் வறுமைக் கோட்டுக்கு எவ்வளவு கீழே கிடக்கின்றனர் என்ற தூரத்தைச் சுருக்கியதே இத்தகைய திட்டங்களின் மெய்யான சாதனை.

எண்ணிக்கை ஏன் குறையவில்லை என்பதற்கு விடை தொகையின் அளவிலேயே உள்ளது. ஆர்.எம்.ஐ. விலைவாசியைப் பின்பற்றி உயர்ந்ததே தவிர, ஊதியங்களைப் பின்பற்றவில்லை. ஆகவே உழைப்போர் வாழ்க்கைக்கும் உதவி பெறுவோர் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி ஆண்டுதோறும் விரிந்தது. இன்று அதன் வாரிசாக உள்ள திட்டத்தில் தனி ஒருவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட தொகை 646.52 யூரோ. வாடகை உதவி பெறுபவரானால் அதிலும் 77.58 யூரோ கழிக்கப்படும். 2023ஆம் ஆண்டுக்கான வறுமைக் கோடு மாதம் 1,288 யூரோ. கோட்டின் பாதியளவே உள்ள தொகை எவரையும் கோட்டைத் தாண்டச் செய்யாது. அவ்வாண்டில் 98 இலட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 15.4 விழுக்காட்டினர், கோட்டுக்குக் கீழே இருந்தனர்.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற வினா நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. ஒரே ஏழைக்கு நிஸாப் அளவையோ அதற்கு மேலோ கொடுப்பது, கடனோ பெருங்குடும்பமோ இல்லாதவிடத்து, விரும்பத்தக்கதன்று என்பது ஹனஃபீ அறிஞர் நிலைப்பாடு. ஓராண்டுத் தேவையை அளவாகக் கொண்டோரும் உளர். இமாம் நவவீ அவர்கள் 'மஜ்மூஃ' நூலில் எடுத்துரைக்கும் ஷாஃபிஈ கருத்து இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வறியவர் தேவையிலிருந்து நிரந்தரமாக விடுபடும் அளவு கொடுக்க வேண்டும். கைத்தொழிலாளிக்குக் கருவிகளும், வணிகருக்கு முதலும் அளிக்க வேண்டும். கீரை விற்பவருக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும். மணி வணிகருக்குப் பத்தாயிரம் தேவைப்படலாம் என்ற அளவுக்கு அவ்விவாதம் நுட்பமானது. உயிரைக் காக்கும் அளவு எது, வறுமையிலிருந்து வெளியேற்றும் அளவு எது என்ற வேறுபாட்டை அவ்வறிஞர்கள் கண்டிருந்தனர். பிரெஞ்சுத் திட்டம் முன்னதில் நின்றுகொண்டு பின்னதன் பெயரைச் சூடியது.

1990களின் பிற்பகுதியில் ஆர்.எம்.ஐ. பெற்றோர் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது. இடைக்கால உதவியாக எண்ணப்பட்டது பலருக்கு நிலையான வாழ்முறையாயிற்று. இணைக்கப்படும் நிலையிலேயே முடிவின்றி நிறுத்தப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சமூகவியலாளர் ரொபேர் காஸ்தெல் 1995இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஆராய்ந்தார். உதவி பெறுவதே ஒருவரின் சமூக அடையாளமாகி அவரைத் தாழ்த்தும் விதத்தை செர்ஜ் போகாம் 1991லேயே எழுதியிருந்தார். ஒப்பந்தமோ பாதிப் பேருக்கு எழுதப்படவே இல்லை. திட்டத்தின் நிதிப்பொறுப்பு 2004 முதல் மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டது. அப்போது, இணைப்புப் பணிகளுக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய பங்கு பற்றிய விதியும் நீக்கப்பட்டது. நாம் நினைவில் இருத்தச் சொன்ன எண் இவ்வாறு ஓசையின்றி மறைந்தது.

2009 ஜூன் மாதம் ஆர்.எம்.ஐ.யின் இடத்தில் ஆர்.எஸ்.ஏ. எனப்படும் 'செயலூக்க ஒருமைப்பாட்டு வருமானம்' வந்தது. அதன் சிற்பி மார்த்தேன் ஹிர்ஷ். சிறுவேலை கிடைத்தவுடன் உதவி முழுவதும் பறிபோகும் நிலை வேலை தேடும் ஆர்வத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கண்ட குறை. ஆகவே ஈட்டும் ஊதியத்தில் 62 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. எண்ணம் சிறந்தது. ஆனால் குறைந்த ஊதியத்தில் உழைப்போர்க்கான அந்தப் பகுதியை, தகுதியுடையோரில் மூன்றில் இருவர் கேட்டே வரவில்லை! படிவங்களின் சிக்கல் ஒருபுறம். ஏழைகளுக்கான உதவி என்ற முத்திரையை உழைப்பாளி ஏற்க மறுத்தது மறுபுறம். 2016இல் அப்பகுதி பிரிக்கப்பட்டு, எளிய விண்ணப்பத்துடன் வேறு பெயரில் வழங்கப்பட்டபோது பெறுவோர் தொகை வெகுவாக உயர்ந்தது.

உழைப்போர்க்கான பகுதியோடு இது முடியவில்லை. வருமானமே இல்லாதோர்க்கான அடிப்படைத் தொகையையும் தகுதியுடையோரில் 34 விழுக்காட்டினர் பெறவில்லை என்று 2018ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அரசின் புள்ளிவிவரத் துறையே மதிப்பிட்டது. கிரெனோபிள் நகரில் 2003 முதல் இவ்வினாவை மட்டுமே ஆராய்ந்துவந்த பிலிப் வரேன் குழுவினர் காரணங்களை வகைப்படுத்தினர். சிலருக்குத் திட்டமே தெரியாது. சிலர் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. தெரிந்திருந்தும் கேட்க மறுப்போர் மற்றொரு வகையினர். விசாரணைக்கு அஞ்சியோ, மானம் கருதியோ ஒதுங்குபவர்கள் இவர்கள். கேட்காமையாலேயே அறியாதவர் கண்ணுக்குச் செல்வராய்த் தோன்றும் ஏழையை அல்குர்ஆன் தனித்துச் சுட்டுவதை (2:273) அறிந்தவர்களுக்கு இந்த ஆய்வு முடிவு வியப்பளிக்காது. இத்திட்டங்களைப் பற்றிய அரசியல் கூச்சல் முழுவதும் மோசடி செய்து பெறுவோரைச் சுற்றியே எழுகிறது. பெறாதோரைப் பற்றிய பேச்சு அரிது. 2025 மார்ச் முதல், வருமான விவரங்களை அரசே நிரப்பி அனுப்பும் முறை நாடு முழுதும் நடைமுறைக்கு வந்துள்ளது. மூன்று மாதத்துக்கொரு முறை படிவம் நிரப்பும் சுமையை இது குறைக்கும். ஒருபோதும் விண்ணப்பிக்காதவரை இது எட்டாது.

சட்டமே வெளியே நிறுத்தியவர்களும் உளர். குழந்தையற்ற 25 வயதுக்குட்பட்டோர்க்கு, மிகச் சில விலக்குகள் தவிர, தொடக்கம் முதலே இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத வெளிநாட்டவர் வேலை செய்யும் அனுமதியோடு ஐந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். ஏதிலியாக ஏற்கப்பட்டோர்க்கு இவ்விதி இல்லை. பாரிசில் வாழும் ஈழத்தமிழர் பலர் இதனால் பயனடைய முடிந்தது. மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு இந்தியப் பெருங்கடலில் உள்ளது. மயோத் தீவின் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். 2011இல் அது பிரான்சின் முழு மாவட்டமாக்கப்பட்டது; மறு ஆண்டு ஆர்.எஸ்.ஏ. அங்கே கால்பங்கு அளவில் அறிமுகமாயிற்று. இப்பொழுது அது பாதி. வெளிநாட்டவருக்கோ ஐந்தாண்டு அன்று, பதினைந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். நாட்டின் மிக வறிய மாவட்டம் அது. உணவுப் பொருள்களின் விலையோ ஐரோப்பியப் பகுதியைவிட அதிகம். அங்கு வேலைக்கான ஊதியமும் குறைவு என்பதே பாதித் தொகைக்குச் சொல்லப்படும் நியாயம். ஒரே குடியரசின் குடிமகனுக்கு வாழ்வதற்குரிய குறைந்தபட்சம் கடல் கடந்தால் பாதியாகிவிடுவது எவ்வாறு என்பதற்கு அதில் விடையில்லை.

அண்மைக் காலத் திருப்பம் 2023 டிசம்பர் 18ஆம் நாள் சட்டம். இதன்படி 2025 ஜனவரி முதல் ஆர்.எஸ்.ஏ. பெறுவோர் அனைவரும் அரசின் வேலைவாய்ப்பு நிறுவனத்தில் தாமாகவே பதிவாகின்றனர். நோயுற்றோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஆளில்லாத தனிப்பெற்றோர் போன்றோர் நீங்கலாக மற்றவர்கள் வாரம் குறைந்தது 15 மணி நேரம் பயிற்சி முதலிய செயல்பாடுகளில் ஈடுபட வேண்டும். தவறினால் தொகை நிறுத்தப்படலாம். இதை ஆதரிப்போர் வாதத்தில் உண்மையின் ஒரு பங்கு இல்லாமலில்லை. ஆண்டுக்கணக்கில் எவரும் அழைத்துப் பேசாமல் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பதும் ஒருவகைக் கைவிடலே. வறியோர்க்குத் துணைநிற்கும் பணி பலவீனமாக நடைபெறுகிறது என்று 2022இல் நாட்டின் கணக்காய்வு மன்றமும் கண்டித்திருந்தது. ஆனால் அக்கண்டனம் நிர்வாகத்தின்மீது வைக்கப்பட்டது. அதற்கு மறுமொழியாக வந்த சட்டமோ சுமையை ஏழையின் தோளில் ஏற்றியது. சமூகத்தின் கடமையைக் குறித்த 20 விழுக்காடு நீக்கப்பட்ட ஏட்டில், பெறுபவரின் கடமை 15 மணி நேரம் என்று எழுதப்பட்டுள்ளது.

1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரை, வயதாலோ உடல்நிலையாலோ பொருளாதாரச் சூழலாலோ உழைக்க இயலாத ஒவ்வொருவருக்கும் தக்க வாழ்வாதாரத்தைச் சமூகத்திடமிருந்து பெறும் உரிமை உண்டு என்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை அடியொற்றியே எழுந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் குடும்பங்கள் இன்று ஆர்.எஸ்.ஏ. பெறுகின்றன. அவர்களில் எத்தனை பேருக்குப் பதினைந்து மணி நேரத்தை நிரப்பத்தக்க பயிற்சியோ, பணியோ, அழைத்துப் பேசும் ஓர் அலுவலரோ கிடைப்பார் என்பது ஒவ்வொரு மாவட்டத்தின் கருவூலத்தைப் பொறுத்தது. ஏழைகள் மிகுந்த சேன்-சேன்-தெனி மாவட்டம் அச்செலவைத் தாங்க மாட்டாமல், 2022இல் தொகை வழங்கும் பொறுப்பையே நடுவண் அரசிடம் திருப்பி ஒப்படைத்தது.