ஸ்பிரே அடித்தால் எரியும் விளக்கு: ‘எல்.இ.சி’ என்றால் என்ன?

உங்கள் போன் டிஸ்பிளே ஓ.எல்.இ.டி-யா? அப்படியென்றால் அதற்குள் ஒளி தரும் கரிமப் படலங்கள் அத்தனையையும் அடுக்கினாலும், தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இந்த அடுக்கு ஐடியா 1987-ல் வந்தது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டு படலம் வைத்தார்கள். ஒன்று பாசிட்டிவ் ‘ஹோல்’களைக் கொண்டுவரும், இன்னொன்று எலெக்ட்ரான்களை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம். பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரமே போதுமாக இருந்தது.

சிக்கல் செலவில்தான். போன் திரைகளுக்கு இந்தப் படலங்களை வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படிய வைக்கணும். அப்படி ஒரு ஆலைக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் வேண்டும்.

1995-ல் சிபிங் பெய், ஆலன் ஹீகர் குழு வேறு வழி பிடித்தது. ஒளிரும் பாலிமருக்குள்ளேயே லித்தியம் உப்பைக் கலந்துவிட்டார்கள். மின்சாரம் கொடுத்ததும் அயனிகள் இரு மின்முனைகளுக்கும் நகர்கின்றன. நடுவில் சந்திப்புப் பகுதி தானாகவே உருவாகிறது. இதுதான் எல்.இ.சி. காற்றில் கெட்டுப்போகும் உலோக மின்முனை தேவையில்லை, படலம் சற்றுத் தடித்தாலும் பரவாயில்லை. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ஒரு முள்கரண்டி மேலேயே ஸ்பிரே செய்து எரியவைத்தார்கள்!

அப்புறம் ஏன் கடையில் இல்லை? அயனி நகர நேரம் பிடிக்கும், ஸ்விட்ச் போட்டதும் முழு வெளிச்சம் வராது. அதனால் வீடியோ திரைக்கு இது சரிவராது. போதாக்குறைக்கு, சந்திப்புப் பகுதி ஒரு பக்கம் ஒதுங்கினால் பக்கத்து அயனிப் பகுதியே ஒளியை விழுங்கிவிடும். அதை நடுவில் பிடித்து நிறுத்தத்தான் இப்போது எல்.இ.சி-யிலும் அடுக்குகள் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டாவது கோட்டிங்கின் கரைப்பான் முதல் கோட்டிங்கைக் கரைக்கக் கூடாதே! நிஜத் தலைவலி அங்கேதான்.

சென்னை ஐ.ஐ.டி-யில் 2022-ல் ‘அமோலெட்’ திரை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இன்று இரும்பு உருகுகிறது, தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் தயாராகிறது. வெற்றிட அறை ஆலை இந்தப் பக்கம் வருவதைவிட, அச்சு இயந்திரம் மாதிரி ஓடும் கோட்டிங் லைனில் லேபிளும் அலங்கார விளக்கும் தயாராவதுதான் எனக்கு நடக்கக்கூடியதாகத் தெரிகிறது. ஒரு விஷயம் மட்டும் மாறாது: ஓ.எல்.இ.டி, எல்.இ.சி இரண்டுக்குமே ஈரம் எமன். பழவேற்காட்டுக் கடல்காற்று வீசும் இடத்தில் சீல் செய்யும் வேலைக்கே தனிச் செலவு ஆகும்.