நிழல் சொன்ன நேரம்

கோந்த்வாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், சென்னையிலிருந்து வரவழைத்த தினசரி நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் ராகுகாலம் பார்க்காமல் என் மாமியார் புது அரிசி மூட்டையைக்கூடப் பிரிக்க மாட்டார். அந்த நாட்காட்டிக்கு ஜெய்ப்பூரில் சோதனை வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

சென்ற டிசம்பர் கடைசியில், பிள்ளைகளின் விடுமுறையில் குடும்பத்தோடு ஜெய்ப்பூர் போயிருந்தோம். கோட்டை, அரண்மனை எல்லாம் பார்த்தோம். ஆனால் மனதில் நின்றது அரண்மனையை ஒட்டியுள்ள ஜந்தர் மந்தர்தான்.

ஜெய்ப்பூரை நிர்மாணித்த இரண்டாம் சவாய் ஜெய்சிங் (1688–1743) வானசாஸ்திரத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அக்காலத்துப் பித்தளைக் கருவிகள் அளவில் சிறியவை. அச்சுத் தேய்ந்தால் கணக்குப் பிசகும். ஆகவே அசையாத, தேயாத பெரிய கருவிகளைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார். டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசி ஆகிய 5 ஊர்களில் அவர் எழுப்பிய வானாய்வுக் கூடங்களில் மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது. எல்லாவற்றிலும் பெரியது ஜெய்ப்பூரில் உள்ளது. 2010-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே 12 ராசிகளுக்கும் தனித்தனியாக 12 கருவிகள் இருக்கின்றன. மேஷம், ரிஷபம் என்று தேடிப் பிடித்து, அவரவர் ராசி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

பிரமிக்க வைப்பது சாம்ராட் யந்திரம். 27 மீட்டர் உயரம். அதன் சாய்ந்த சுவர் துருவ நட்சத்திரத்தை நோக்கி 27 பாகை சாய்வில் ஏறுகிறது. ஜெய்ப்பூரின் அட்சரேகையும் அதுவே. இருபுறமும் சிறகு விரித்தாற்போல் வளைந்த அளவுகோல்கள். சுவரின் நிழல் அவற்றின் மேல் விநாடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. நிழல் ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

என் மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி சரியாகப் பன்னிரண்டு. நிழலோ 11.33 காட்டியது.

"பாட்டி, இது தப்பா ஓடுது!" என்றான்.

வழிகாட்டி சிரித்தார். தப்பு யந்திரத்தில் இல்லை. நம் கடிகாரம் காட்டுவது, கிழக்கே 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து 1906 முதல் நடைமுறைக்கு வந்த பொது நேரம். ஒவ்வொரு பாகை மேற்கே போகவும் சூரியன் 4 நிமிடம் பிந்தும். ஜெய்ப்பூருக்கு 27 நிமிடம். (வருடத்தின் சில நாட்களில் இது கால் மணி நேரம் வரை கூடும், குறையும். டிசம்பர் 25-ஐ ஒட்டி அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை.)

அன்று இரவு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சென்னையில் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பிந்துகிறது. புனேயில் சுமார் 35 நிமிடம். டிசம்பர் கடைசியில் சென்னையில் ஆறரை மணிவாக்கில் விடிகிறது. புனேயில் ஏழு மணிக்கு மேல்தான்.

"அப்போ ராகுகாலம்?" என்று மாமியார் கேட்டார்.

நாட்காட்டி தருவது காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்ட பொதுக் கணக்கு. முறைப்படி அந்தந்த ஊரின் உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. நாட்காட்டியில் அது 7.30 முதல் 9 வரை. டிசம்பர் கடைசியில் புனேக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 8.25 முதல் 9.50 வரை வருகிறது!

மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. "இருபது வருஷமா நான் மெட்ராஸ் சூரியனைப் பார்த்துண்டு இங்க குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்றார். அவர் சிரித்தாலும் குரல் கொஞ்சம் கம்மியது.

ஜெய்ப்பூர் போகும் அன்பர்கள் வெயில் நன்றாக அடிக்கும் குளிர்கால நாளில், உச்சிப்பொழுதை ஒட்டிப் போங்கள். கைக்கடிகாரத்தை மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் நாட்காட்டி அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் ஓரத்தில் மட்டும் மாமியார் தினமும் பென்சிலால் புனேயின் உதய நேரத்தைக் குறித்து வைக்கிறார்.