அன்பு இருக்கட்டும், ஊசி போட்டாயிற்றா?

விலங்குகள் காப்பகங்களுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது, எதைத் தொடக் கூடாது என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விலங்குகள் காப்பகத்தின் வாசலில் நிற்கும் முகங்கள், ஜெய்ப்பூரானாலும் மும்பையானாலும் ஒரே ரகம்தான். கல்லூரி மாணவிகள் நான்கைந்து பேர், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மகளையும் அழைத்து வந்திருக்கும் ஒரு தாய். எல்லோர் மனதிலும் இருப்பது நாய்க்குட்டி. அதை மடியில் போட்டுக்கொண்டு பாட்டிலில் பால் புகட்டும் காட்சி. பிராணிகள் மீது உங்களுக்குப் பிரியமா என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. பிரியம் இல்லாதவர் ஞாயிற்றுக்கிழமையை அங்கே வந்து கழிக்கமாட்டார். ஒழுங்காக நடக்கும் காப்பகத்தில் முதல் கேள்வி வேறு: ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டாயிற்றா?

கேள்வி காதில் விழுந்ததும் பாதிப் பேர் திகைக்கிறார்கள். நாய் கடித்த பிறகு போட்டுக்கொள்வதுதானே ஊசி? நாய்களோடு புழங்குகிறவர்களுக்கு அப்படி இல்லை. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் வழக்கம் மூன்று ஊசிகள்: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். இரண்டு ஊசிகளே போதும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முன்கூட்டியே போட்டுக்கொண்டவர் கடிபட்டால் ஊசியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மேலும் இரண்டு ஊசிகள், முதல் நாளும் 3ஆம் நாளும், கட்டாயம். ஆனால் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் அவருக்குத் தேவைப்படாது. நேரம் கெட்ட நேரத்தில் சின்ன ஊர்களில் அந்த மருந்தைத் தேடி அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இந்தக் கண்டிப்பு அதிகப்படி என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் மாவட்டத்தில், மாநில அளவில் ஆடிய ஓர் இளம் கபடி வீரர் சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிக் காப்பாற்றினார். குட்டி விரலில் லேசாகக் கடித்தது. சின்னக் காயம்தானே என்று அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. 2025 ஜூன் மாதக் கடைசியில் ரேபிஸ் நோய் கண்டு இறந்தார். காப்பகத்துக்கு வரும் ஒவ்வொருவரும் செய்ய ஆசைப்படுகிற காரியத்தைத்தான் அவர் செய்தார். நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயில் சாகிறார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்.

ஆகவே முதல் பாடம் சோப்பு. கடியோ கீறலோ, ரத்தம் வந்ததோ இல்லையோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று புரியும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. அடுத்து, எவ்வளவு சிறிய கடியானாலும் பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். புதியவர்கள் கடிபட்டதை மறைக்கிறார்கள் என்பது காப்பகங்களுக்கு நன்றாகத் தெரியும். வெட்கம் ஒரு காரணம். நாயைத் தண்டித்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொன்று. கடித்த நாயைத் தண்டிப்பதில்லை, பத்து நாள் தனியாக வைத்துக் கவனிப்பதுதான் வழக்கம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி மறைப்பு போய்விடும்.

இரண்டாவது பாடம் கைகளைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. கூண்டுக்கு வெளியே நின்று நாயின் உடம்பை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வால் ஆடுவதை மட்டும் வைத்து நாயை நண்பன் என்று முடிவு கட்டக் கூடாது. உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் வேகமாக ஆடினால் அது எச்சரிக்கை. தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது எல்லாம் ‘என்னை விடு’ என்பதற்கான பாஷை. உறுமலும் அப்படித்தான். உறுமும் நாயை அதட்டி அடக்கினால் அடுத்த முறை அது உறுமாமல் கடிக்கும். கிட்டே போகும்போது நேராகப் போகாமல் பக்கவாட்டில் போக வேண்டும், குனிந்து கவிழாமல் உட்கார வேண்டும், கண்ணோடு கண் முறைக்கக் கூடாது, தலைக்கு மேலே கை நீட்டக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் தெரு நாயைத் தட்டிக்கொடுப்பது தலையில்தான்.

இதெல்லாம் ஆன பிறகாவது குட்டியைத் தருவார்களா என்றால், துடைப்பத்தைத் தருவார்கள்.

காப்பகத்தின் பெரிய எதிரி பசியோ காயமோ இல்லை, தொற்று. முக்கியமாக பார்வோ. ரத்தமும் பேதியுமாக நாய்க்குட்டிகளைச் சில நாட்களில் தீர்த்துவிடும் இந்த வைரஸ், தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். பினாயில் மணத்தால் அது போய்விடும் என்று நம்பக் கூடாது. பூனைகளுக்கோ பினாயில் நஞ்சு. முதலில் மலத்தையும் அழுக்கையும் வழித்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் பிளீச் வீண். வேலைக்கு ஒரு வரிசையும் உண்டு. ஆரோக்கியமான குட்டிகளின் அறை முதலில், பெரிய நாய்கள் பிறகு, நோய்ப் பிரிவு கடைசி. நோய்ப் பிரிவுக்குப் போய்வந்தவர் அன்றைக்குக் குட்டிகள் பக்கம் தலை வைக்கக் கூடாது. கூண்டுக்கூண்டாக எல்லாக் குட்டிகளையும் கொஞ்சிக்கொண்டே போகும் அன்பான தொண்டரைவிட நல்ல வாகனம் பார்வோவுக்குக் கிடைக்காது.

இந்த வேலையை அவர்களுக்குக் கற்றுத்தருவது பெரும்பாலும் டாக்டர் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கூண்டு ஊழியர்தான். பள்ளிப் படிப்பு முடிக்காதவராக இருக்கலாம். ஆனால் எந்த நாய் எந்தக் காலைத் தொட்டால் கடிக்கும், எது நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். இங்கிலீஷ் பேசும் பட்டதாரி, ஊழியர் சொன்னபடி வாளி தூக்கத் தயாரா என்பது எழுதப்படாத நுழைவுத் தேர்வு. சிலர் அந்த ஞாயிற்றோடு நின்றுவிடுகிறார்கள். அதில் நஷ்டமில்லை.

தாக்குப்பிடித்தவர்களுக்கு நுணுக்கமான வேலைகள் மெல்லத் திறக்கின்றன. தாயை இழந்த பூனைக்குட்டிக்குப் பால் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலோடு கதகதப்பாக்கி, குப்புற வைத்துப் புகட்ட வேண்டும். மனிதக் குழந்தை போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பால் பெரும்பாலும் பேதியில் கொண்டுபோய்விடும் என்பதால் குட்டிகளுக்கென்று விற்கும் பால் மாவுதான் சரி. புகட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் துடைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டுச் செய்வதைத் தொண்டர் பஞ்சால் செய்கிறார். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும். பட்டினியில் வற்றிப்போய் வந்த நாய்க்கு வயிறு முட்டச் சோறு போடக் கூடாது என்பதும் இப்போதுதான் சொல்லித்தரப்படுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. ஒரேயடியாகப் போட்டால் சாப்பாடே கொன்றுவிடக்கூடும்.

ஊருக்கு ஊர் பாடம் மாறும். உதய்ப்பூர் அருகே 2002இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் தொடங்கிய அனிமல் எய்ட் அன்லிமிடெட் காப்பகத்தில் நாய்களோடு மாடுகளும் கழுதைகளும் உண்டு. பின்னங்கால் விளங்காத நாய்களும் அங்கே தங்கி வாழ்கின்றன. அப்படிப்பட்ட நாய்களில் பலவற்றுக்கு மூத்திரப்பையைக் கையால் அழுத்தி விட வேண்டியிருக்கும். ஜெய்ப்பூரிலும் அகமதாபாத்திலும் ஜனவரி 14 பட்டத் திருவிழா. மாஞ்சா நூலில் சிறகறுந்த புறாக்களும் பருந்துகளும் கூடைகூடையாக வந்து சேரும். குஜராத் அரசே 2017 முதல் இதற்காக ‘கருணா அபியான்’ என்ற இயக்கத்தை நடத்துகிறது. இங்கே புதியவர்களுக்குச் சொல்வது மிகச் சுருக்கம்: சதையில் சிக்கிய நூலை இழுக்காதே, வெட்டி எடுப்பது டாக்டர் வேலை. வாயில் தண்ணீர் ஊற்றாதே. துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வை.

எல்லாவற்றையும்விட ஜீரணிக்கக் கடினமான பாடம் ஒன்று உண்டு. ஒரு மாதம் சோறு போட்டு, புண்ணுக்கு மருந்து தடவி, பெயரும் வைத்த நாயை ஒரு நாள் வண்டியில் ஏற்றி, பிடித்த தெருவிலேயே இறக்கிவிடுவார்கள். தொண்டர் அழுவார். ஏன் என்று அவருக்கு விளக்கத்தான் வேண்டும். சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தினர் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொன்று மாளாது, கருத்தடை செய்து விட்டுவிடுவதே வழி என்று 1964லேயே அதில் இறங்கியது. அரசின் விதியாக அது வர 2001 ஆயிற்று. 2023இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. வழி பலிக்கும் என்பதற்கு ஜெய்ப்பூர் சாட்சி. கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1980இல் அங்கே நிறுவிய ஹெல்ப் இன் சஃபரிங் அமைப்பு, 1994 முதல் 2002 முடிய சுமார் 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தது. திட்டம் நடந்த பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 சதவிகிதம் குறைந்தது. மனிதர்களுக்கு ரேபிஸ் வருவதும் அங்கே நின்றது. தடுப்பூசி போட்ட நாய் தன் தெருவில் இருக்கும்வரை ஊசி போடாத புது நாய் அங்கே எளிதில் குடியேறாது. தெருவுக்குத் திரும்பிய நாய், அந்தத் தெருக் குழந்தைகளுக்கு ஒரு காவல்.

இந்த விவகாரம் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி வட்டாரத்தின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆகஸ்ட் 11 அன்று ஓர் உத்தரவு. ஆகஸ்ட் 22 அன்று அது திருத்தப்பட்டு, ரேபிஸ் நோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு அதே இடத்தில் விடலாம் என்றானது. பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்களிலிருந்து பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று நவம்பர் 7 அன்று இன்னொன்று. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இருக்கும் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடைப்பது என்று முடிவானால் கூண்டு கட்டுவது சின்ன வேலை. அடைத்த ஒவ்வொரு நாளும் அதைக் கழுவ, பார்வோ பரவாமல் வரிசை பார்க்க, கடிக்கும் நாயைக் கடிபடாமல் கையாளப் பழகிய கைகள் வேண்டும். அந்தக் கைகளைத் தயாரிக்க மாதங்கள் ஆகின்றன. பயிற்சி இல்லாத இடத்தில் நூறு நாய்களை அடைத்தால், தடுப்பூசி போடாதவை ஒன்றிலிருந்து ஒன்று நோய் வாங்கிச் சாகும்.

சாவைப் பற்றியும் பயிற்சியில் பேசியாக வேண்டும். பல காப்பகங்கள் பேசாமல் தவிர்க்கின்றன, தொண்டர் ஓடிவிடுவார் என்று. பேசாவிட்டால்தான் ஓடுகிறார். லாரி ஏறிய நாயும் டிஸ்டெம்பர் முற்றி வலிப்பு வந்த குட்டியும் நாள்தோறும் வரும் இடம் அது. மீட்கவே முடியாத வேதனையில் இருப்பதை டாக்டர் ஊசி போட்டு உறங்கவைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அந்த முடிவு தொண்டருடையது ஆகாது. பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்பது மட்டும் அவர் விருப்பம். பார்த்துவிட்டு இரவில் தூங்காதவர்கள் உண்டு. வாரம் ஒரு நாளுக்கு மேல் வராதே என்று புதியவரைத் தடுக்கும் பொறுப்பாளர்தான் என் கணக்கில் விவரம் தெரிந்தவர். தினமும் வருகிறவர் மூன்று மாதத்தில் காணாமல் போவார். ஞாயிறு மட்டும் வருகிறவர் மூன்று வருடம் வருவார்.

வேலை முடிந்து கிளம்பும்போது சொல்லும் கடைசிக் குறிப்பு, வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு. செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும். போட்டிருந்த துணி நேராக வாளிக்குப் போக வேண்டும். குளித்த பிறகுதான் சொந்த நாயைத் தொடலாம். அது அதற்குள் கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். பிறாண்டட்டும் என்று விட்டுவிட வேண்டும்.